கம்பியில்லா வலையின் செவி
மானிட்டர் நிலையும் அதில் நேரும் கோளாறுகளும்

கம்பியின்றிச் செய்தி அனுப்பும் கலையில் அலையை எழுப்புவது ஒரு பாதி. வந்த அலையைத் தவறாது உணர்வது மறுபாதி. இவ்விரண்டில் பின்னதே பெரும்பாலும் அதிகக் கடினமானது. அலை வரவில்லையா, அன்றி வந்தும் கருவி உணரவில்லையா என்னும் ஐயம் இத்துறை தோன்றிய நாள் முதலாக ஆராய்ச்சியாளரைத் தொடர்ந்து வந்திருக்கிறது.

இதற்குக் கல்கத்தா நகரமே ஒரு சான்று. அந்நகரின் பிரஸிடென்ஸி கல்லூரியில் பேராசிரியராயிருந்த ஜகதீச சந்திர போஸ், 1895ஆம் ஆண்டில் நகர மண்டபத்தில் கூடியிருந்தோர் முன்னிலையில் மின் அலைகளைச் சுவர்களினூடே செலுத்தி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். அவர் தமது ஆராய்ச்சிகளில் கையாண்ட அலைகள் மிகவும் குறுகியவை. அவற்றுள் சில சுமார் 5 மில்லிமீட்டர் நீளமே உடையவை. அக்காலத்தில் அலையை உணர்வதற்குக் கோஹியரர் என்னும் கருவி வழங்கிற்று. கண்ணாடிக் குழாயில் தளர்வாக இடப்பட்ட உலோகத் தூள் அலை பட்டவுடன் மின்சாரத்தை எளிதில் கடத்தத் தொடங்கும். அதுவே அலை வந்ததற்கு அடையாளம். ஆனால் ஒருமுறை உணர்ந்த பின், குழாயைத் தட்டினாலன்றி அத்தூள் பழைய நிலைக்குத் திரும்பாது. தட்ட மறந்தால் அடுத்த அலைக்கு அக்கருவி செவிடாகிவிடும். போஸ் தூளுக்குப் பதிலாகச் சிறு சுருள்வில்களை அமைத்து, அவற்றின் அழுத்தத்தையும் மின்னழுத்தத்தையும் நுட்பமாகச் சரிசெய்து கொள்ளும் உணர்கருவியைச் செய்தார். தட்டாமலே தானாக மீளும் கோஹியரர் குறித்து 1899ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்திற்கு ஆராய்ச்சிக் கட்டுரை அளித்தார். அலையை ஆராயப் புகுந்தவர் கருவியின் களைப்பையும் மீட்சியையும் ஆராய நேர்ந்த வரலாறு இது.

இன்று வீடுதோறும் கடைதோறும் வைஃபை என்னும் கம்பியில்லா வலை பரவியுள்ளது. அதில் பழுது நேருங்கால் ஆகாயத்தில் உண்மையில் என்ன நிகழ்கிறது என்று கேட்டறிவதற்கு, லினக்ஸ் இயக்குதளமுடைய கணினியில் மானிட்டர் நிலை என்றொரு வசதி உண்டு. அவ்வசதி யாது, அது ஏன் பல சமயங்களில் ஒன்றையும் காட்டாமல் மௌனம் சாதிக்கிறது, அம்மௌனத்தின் காரணத்தை எம்முறையில் தேடுவது என்பனவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

லேக் மார்க்கெட்டில் ஒரு கடை

பாடத்திற்குத் துணையாக ஓர் உதாரணத்தை அமைத்துக்கொள்வது நலம். தென் கல்கத்தாவில் ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டியுள்ள லேக் மார்க்கெட், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வரும் பகுதி. வாழையிலையும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கட்டிய பூச்சரமும் அங்கே கிடைக்கும். அங்குள்ள ஒரு காப்பித்தூள் கடையைக் கருதலாம். கடைக்குப் பின்னும் மேலும் குடியிருப்புக்கள், இருபுறமும் கடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ரூட்டர். ஆகவே அங்குள்ள காற்றில் எந்நேரமும் பல வலைகளின் அலைகள் நெருங்கிக் கலந்திருக்கும்.

கடையில் பணம் பெறுவதற்கு ஒரு சிறு இயந்திரம் இருக்கிறது. அது கடையின் வைஃபை வழியாக வங்கியுடன் பேசுகிறது. சில நாட்களில் அது நாள் முழுதும் பழுதின்றி வேலை செய்கிறது. வேறு சில நாட்களில் காலையில் கடை திறந்தது முதல் வலை கிடைக்கவில்லை என்று கூறி நின்றுவிடுகிறது. ஆனால் அதே நேரத்தில் கடைக்காரரின் கைப்பேசியோ அதே ரூட்டரின் வழியாகத் தடையின்றி இயங்குகிறது. அடுத்த கடைக்காரர் சென்ற மாதம் புதிய ரூட்டர் ஒன்றை வாங்கி வைத்தார். கோளாறு தொடங்கியதும் ஏறக்குறைய அக்காலத்திலேதான். முப்பது ஆண்டு நட்பினராயினும், அவருடைய கருவிதான் தம்முடைய வலையைக் கெடுக்கிறது என்னும் எண்ணம் கடைக்காரர் மனத்தில் வேரூன்றிவிட்டது. நேரிற் சென்று கேட்டுவிடுவது என்றும் முடிவு செய்துவிட்டார். பொறியியல் பயிலும் அவருடைய தம்பி மகன், “ஒரு நாள் பொறுங்கள் பெரியப்பா, காற்றில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று தன் மடிக்கணினியைத் திறக்கிறான். அவன் எதிர்ப்பட்ட இடையூறுகளே இப்பாடத்தின் பகுதிகள்.

கேட்கும் நிலைகள்

வைஃபை கருவி சாதாரணமாக இயங்கும் நிலைக்கு மேனேஜ்டு நிலை என்று பெயர். அந்நிலையில் அது ஒரு ரூட்டருடன் மட்டும் இணைந்து, தனக்கென்று முகவரியிட்டு வந்த செய்திகளையும் யாவருக்கும் பொதுவாக வந்தவற்றையும் மட்டுமே கணினிக்கு ஒப்படைக்கும். ஏனையவற்றை வாயிலிலேயே தள்ளிவிடும். சந்தை இரைச்சலில், தம்மைப் பெயர் சொல்லி அழைப்பவருக்கு மட்டும் செவிசாய்க்கும் வியாபாரியைப் போன்றது இது.

மானிட்டர் நிலையிலோ அக்கருவி எந்த ரூட்டருடனும் இணைவதில்லை. தான் நிறுத்தப்பட்ட சானலில் எழும் செய்திச் சட்டகங்களுள் தன்னால் உணரக்கூடிய அனைத்தையும், அவை யாருக்குரியவையாயினும், கணினிக்கு அளிக்கும். ஒவ்வொரு சட்டகத்தின் தலைப்பிலும் ரேடியோடாப் என்னும் குறிப்பொன்றைச் சேர்த்து, அலையின் வலிமை, கேட்ட சானல், செய்தியின் வேகம் முதலியவற்றைத் தெரிவிக்கும். கம்பிவலையில் வழங்கும் புராமிஸ்கியஸ் நிலையை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அது ஏற்கெனவே இணைந்த வலைக்குள் கேட்பது. இது வலைகளுக்கு வெளியே நின்று ஆகாயத்தையே கேட்பது.

கேட்கப்படும் சட்டகங்கள் மூவகைப்படும். வலையின் இருப்பையும் இணைப்பையும் குறித்தவை முதல் வகை. முறைவைத்துப் பேசுவதற்கும் பெற்றுக்கொண்டமையை அறிவிப்பதற்கும் உரிய சிறு சட்டகங்கள் இரண்டாம் வகை. உண்மையான செய்தியைச் சுமப்பவை மூன்றாம் வகை. முதல் வகையைச் சேர்ந்த பீக்கன் என்பது இப்பாடத்திற்கு மிக முக்கியமானது. கலங்கரை விளக்கம் இடையறாது சுடர்விடுவது போல, ஒவ்வொரு ரூட்டரும் தன் பெயரையும் தன்மைகளையும் அறிவித்துக்கொண்டே இருக்கும். வழக்கமான அமைப்பில் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, அதாவது நிமிடத்திற்குச் சுமார் 586 முறை, இவ்வறிவிப்பு எழும். இவ்வெண்ணிக்கையை மனத்திற் கொண்டால், நம் கருவியின் செவி எவ்வளவு கூர்மையாயிருக்கிறது என்பதை அளந்துவிடலாம்.

முதற் கோளாறு: கருவியின் இயல்பு

எல்லா வைஃபை கருவிகளுக்கும் மானிட்டர் நிலை வாய்ப்பதில்லை. கருவியின் சில்லும், அதற்குள் இயங்கும் ஃபர்ம்வேர் என்னும் உள்நிரலும், கெர்னலில் அமைந்த டிரைவரும் ஆகிய மூன்றும் இசைந்தால்தான் அது இயலும். 2007ஆம் ஆண்டில் லினக்ஸ் கெர்னலில் சேர்க்கப்பட்ட மேக்80211 என்னும் பொது அமைப்பைப் பின்பற்றும் டிரைவர்கள் பெரும்பாலும் இவ்வசதியை அளிக்கின்றன. சில கருவிகளிலோ சட்டகங்களை ஆளும் பொறுப்பு முழுவதும் உள்நிரலிடமே இருக்கும். கெர்னல் விரும்பினாலும் அது திறந்து காட்டாது. ராஸ்ப்பெரி பை என்னும் சிறு கணினியில் உள்ள வைஃபை சில், இயல்பான உள்நிரலுடன் மானிட்டர் நிலையை அளிப்பதில்லை என்பது பலரும் இடறும் இடம்.

ஆதலின் முதல் வேலை, ஐ.டபிள்யூ. என்னும் கருவிநிரலைக் கொண்டு, அக்கருவி ஏற்கும் நிலைகளின் பட்டியலைப் பார்ப்பதாகும். அப்பட்டியலில் மானிட்டர் என்னும் சொல் இல்லையெனில் மேற்கொண்டு முயல்வது வீண்; வேறு கருவியைத் தேட வேண்டியதுதான். கருவியே பட்டியலில் தோன்றவில்லையெனில் கெர்னலின் பதிவேட்டைப் படிக்க வேண்டும். உள்நிரல் கோப்பு கிடைக்கவில்லை என்னும் செய்தி அங்கே காணப்பட்டால், அக்கோப்பை நிறுவியதும் கோளாறு நீங்கும். மெய்நிகர்க் கணினிக்குள் லினக்ஸை இயக்குவோர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். மடிக்கணினியில் உள்ளமைந்த வைஃபை கருவி, மெய்நிகர்க் கணினிக்குள் கம்பிவலைக் கருவியாகவே வழக்கமாகத் தோற்றமளிக்கும். அதில் மானிட்டர் நிலைக்கு இடமில்லை. யூ.எஸ்.பி. வழியாக இணைக்கப்படும் தனிக்கருவியை நேரே உள்ளே ஒப்படைத்தால்தான் பயன் உண்டு.

உதாரணத்தில் வரும் மாணவனுடைய மடிக்கணினியின் உட்கருவி இச்சோதனையில் தேறவில்லை. நண்பனிடமிருந்து யூ.எஸ்.பி. கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்து இணைத்தான். பட்டியலில் மானிட்டர் என்னும் சொல் தோன்றியது.

இரண்டாம் கோளாறு: பூட்டும் போட்டியும்

கருவி தகுதியுடையதாயினும் அதன் அலைப்பகுதி பூட்டப்பட்டிருக்கலாம். விமானப் பயணத்தின்போது அலைகளை அணைத்து வைக்கும் வசதியே இப்பூட்டு. இது இருவகை: நிரலால் இடப்பட்டது ஒன்று; மடிக்கணினியின் விசையால் இடப்பட்டது மற்றொன்று. ஆர்.எஃப்.கில் என்னும் கட்டளை இரண்டையும் பிரித்துக் காட்டும். முன்னதைக் கட்டளையாலேயே நீக்கலாம். பின்னதைக் கையால் விசையைத் திருப்பினாலன்றி நீக்கவியலாது.

அடுத்தது போட்டி. இன்றைய லினக்ஸ் கணினிகளில் நெட்வொர்க் மேனேஜர், டபிள்யூ.பி.ஏ. சப்ளிகன்ட் முதலிய பணிநிரல்கள் பின்னணியில் இயங்கி, வைஃபை கருவியைத் தம் வசத்தில் வைத்திருக்கின்றன. பயனர் அதை மானிட்டர் நிலைக்கு மாற்றினாலும், சில வினாடிகளில் அவை அதைப் பழைய நிலைக்கு இழுத்துவிடும். அல்லது சானலை மாற்றிக்கொண்டே இருக்கும். மாற்றியது நிலைக்கவில்லை என்று தோன்றும்போது முதலில் ஐயுற வேண்டியது இவற்றையே. எல்லாப் பணிநிரல்களையும் நிறுத்திவிடுவது ஒரு வழியாயினும் அதனால் கணினியின் ஏனைய இணைப்புக்களும் அறுந்து போகும். குறிப்பிட்ட அந்த ஒரு கருவியை மட்டும் நெட்வொர்க் மேனேஜரின் ஆட்சியிலிருந்து விலக்கி வைப்பதே சிறந்த முறை.

கருவி இயங்கிக்கொண்டிருக்கும்போதே நிலையை மாற்ற முயல்வதும் பொதுவான தவறு. முதலில் இடைமுகத்தை நிறுத்தி, பின்னர் நிலையை மாற்றி, அதன்பின் மீண்டும் எழுப்பி, இறுதியாகச் சானலை அமைத்தல் வேண்டும். இவ்வரிசை பிறழ்ந்தால் கெர்னல் எண்ணுடன் கூடிய பிழைச்செய்தியைத் தரும். அவ்வெண்களின் பொருளை அறிந்தால் பாதி வழி கடந்தாற் போல. 1 என்பது அதிகாரம் போதாது, நிர்வாகி உரிமையுடன் கட்டளையிடுக என்பதைக் குறிக்கும். 16 என்பது கருவி வேறு பணியில் ஈடுபட்டுள்ளது என்பதையும், 19 என்பது அப்பெயருடைய கருவியே இல்லை என்பதையும், 22 என்பது கேட்கப்பட்ட அளவு ஏற்கத்தக்கதன்று என்பதையும், 95 என்பது அச்செயலை டிரைவர் அறியாது என்பதையும் உணர்த்தும்.

இணைப்பை விடாமலே கேட்க விரும்புவோர், அதே கருவியின் மீது இரண்டாவதாக ஒரு மானிட்டர் இடைமுகத்தை உண்டாக்குவதும் உண்டு. அவ்வாறு செய்தல் இயலும். ஆனால் ஒரு கருவிக்கு ஒரே செவி. இணைந்துள்ள ரூட்டரின் சானலை விட்டு அதை நகர்த்த முயன்றால் 16 என்னும் எண்ணே விடையாக வரும்.

பெயராலும் இடர் நேர்வதுண்டு. யூ.எஸ்.பி. கருவிகளுக்கு அவற்றின் முகவரியைக் கொண்டே 15 எழுத்துக்களுள்ள நீண்ட பெயர் இடப்படுவது உண்டு. கெர்னலில் இடைமுகப் பெயரின் உச்ச அளவும் 15 எழுத்துக்களே. ஆகையால் அப்பெயரின் இறுதியில் மேலும் சில எழுத்துக்களைச் சேர்க்கும் எந்த முயற்சியும் தோற்கும். குறுகிய பெயரை முன்னதாகச் சூட்டிக்கொள்வது இதற்குப் பரிகாரம்.

மூன்றாம் கோளாறு: சானல்

மேற்கூறிய யாவும் சரியாயிருந்தும் திரை வெறுமையாயிருக்கலாம். அப்பொழுது சானலைக் கவனிக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, 2005ஆம் ஆண்டு ஜனவரி அறிவிப்பின்படி, குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. அப்பகுதியில் வைஃபைக்கு 13 சானல்கள் உள்ளன. முதற் சானலின் மையம் 2412 மெகாஹெர்ட்ஸ். அதன்பின் ஒவ்வொன்றும் 5 மெகாஹெர்ட்ஸ் உயர்ந்து, பதின்மூன்றாவது 2472இல் அமைகிறது. ஆனால் ஒவ்வொரு வலையும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பிடித்துக்கொள்வதால், அடுத்தடுத்த சானல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும். ஒன்றையொன்று தொடாமல் நிற்பவையாக 1, 6, 11 ஆகிய மூன்றையே வழக்கமாகக் கொள்வர்.

மானிட்டர் கருவி ஒரு நேரத்தில் ஒரு சானலையே கேட்கும். ஆறில் நிற்கும் கருவிக்குப் பதினொன்றில் பேசுவது கேளாது, 2.4 கிகாஹெர்ட்ஸில் நிற்பதற்கு 5 கிகாஹெர்ட்ஸில் நிகழ்வது அறவே தெரியாது. எல்லாச் சானல்களையும் சுற்றிவரும்படி அமைத்தால் யாவும் சிறிது சிறிது கேட்கும்; எதுவும் முழுமையாகக் கேளாது. பதின்மூன்று சானல்களைச் சமமாகச் சுற்றும் கருவிக்கு, ஒரு ரூட்டரின் 586 பீக்கன்களில் நிமிடத்திற்குச் சுமார் 45 மட்டுமே அகப்படும். எந்த வலை எங்குள்ளது என்று காண்பதற்குச் சுற்றுதல் ஏற்றது. ஒரு வலையின் நோயை ஆராய்வதற்கு ஓரிடத்தில் நிற்றலே ஏற்றது.

நிற்கும் சானல் சரியாயினும் பீக்கன்கள் மட்டும் கேட்டு, செய்திச் சட்டகங்கள் கேளாமற் போவதுண்டு. பீக்கன்கள் பழைய கருவிகளும் உணருமாறு மெதுவான எளிய முறையில் அனுப்பப்படுகின்றன. செய்திகளோ புதிய வேக முறைகளிலும், அகன்ற பட்டையிலும், ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகளிலும் செல்கின்றன. ஒற்றை ஆன்டெனாவுடைய பழைய கருவிக்கு அவை புரியாத மொழி. இது கோளாறன்று, கருவியின் எல்லை. அவ்வாறே, கேட்ட செய்திகள் மறைகுறியாக இருப்பதும் கோளாறன்று. வலையின் நோயைக் கண்டறிய உள்ளடக்கம் தேவையில்லை. உறையின் மேலெழுதியதே போதும்.

செவியைச் சோதித்தல்

மாணவன் மேற்கூறிய படிகளை ஒவ்வொன்றாகக் கடந்து, ஒரு காலைப்பொழுதில் பணம் பெறும் இயந்திரம் நின்றுபோன வேளையில், சானல் ஒன்று முதல் பதினொன்று வரை கேட்டான். அக்கம்பக்கத்து வலைகள் பல தோன்றின. அடுத்த கடையின் புதிய வலை ஆறாம் சானலில் ஒழுங்காக ஒலித்தது. கடையின் சொந்த வலை மட்டும் ஓரிடத்திலும் காணப்படவில்லை.

“பெரியப்பா, நம் ரூட்டர் அலையே விடவில்லை” என்றான்.

“அப்படியானால் என் போன் எதில் ஓடுகிறது?” என்று கேட்டார் கடைக்காரர்.

இக்கேள்வியே ஆராய்ச்சியைத் திருப்பியது. இரண்டு சாட்சிகள் முரண்படும்போது, மௌனமாயிருக்கும் சாட்சியை முதலில் சோதிப்பது முறை. கருவி செவிடன்று என்று நிறுவுவதற்கு எளிய வழி, அறிந்த ஒலியை அதற்குக் கேட்பிப்பது. தன் கைப்பேசியையே ஒரு சிறு வலையாக இயங்கச் செய்து, அதைக் கருவியின் அருகில் வைத்து, மாணவன் ஒரு நிமிடம் எண்ணினான். நிமிடத்திற்கு உரிய பீக்கன்களில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது. ஆகவே கருவிக்குச் செவி உண்டு. எனினும் அது கேட்கக்கூடிய இடங்களில் கடையின் வலை இல்லை. கேட்கமுடியாத இடம் ஏதேனும் உண்டா என்பதே எஞ்சிய வினா.

விடைக்குரிய தடயம் பதினொன்றாம் சானலின் பதிவில் கிடந்தது. ஒரு சில பீக்கன்கள், மிக மெலிந்த வலிமையுடன், கடை வலையின் பெயரைத் தாங்கி அங்கே காணப்பட்டன. ரூட்டரோ அதே மேசையின் மேல் இருக்கிறது. அதன் ஒலி மெலிவாகக் கேட்பதற்குக் காரணமில்லை. மாணவன் அப்பீக்கனைப் பிரித்துப் பார்த்தான். ரேடியோடாப் குறிப்பு, கேட்ட சானல் 11 என்றது. பீக்கனுக்குள் ரூட்டரே எழுதியிருந்த சானல் எண்ணோ 13. மெதுவான பழைய முறையில் அனுப்பப்படும் சட்டகங்கள், அனுப்புவோர் மிக அருகிலிருந்தால், ஓரிரு சானல் தள்ளியும் சில வேளைகளில் கசிந்து கேட்கும். அவ்வாறு கசிந்ததே இது.

நான்காம் கோளாறு: நாட்டு அமைப்பு

உடனே அவன் கருவியைப் பதின்மூன்றாம் சானலுக்கு மாற்ற முயன்றான். 22 என்னும் எண் வந்தது: கேட்ட அளவு ஏற்கத்தக்கதன்று. பழுதில்லாத ஒரு கருவி இவ்வாறு மறுப்பதற்குக் காரணம் யாது?

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தியுடன் ஒலிக்கலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியே விதித்திருக்கிறது. லினக்ஸ் கெர்னல் நாட்டின் குறியீட்டைக் கொண்டு அவ்விதிகளைக் கடைப்பிடிக்கிறது. அமெரிக்காவுக்குரிய அமைப்பில் 12, 13ஆம் சானல்கள் மூடப்பட்டிருக்கும். இந்தியாவுக்குரிய அமைப்பில் அவை திறந்திருக்கும். மாணவனின் கணினியில் நாட்டுக் குறியீடு அமெரிக்கா என்று இருந்தது. ஆகவே அக்கணினியைப் பொறுத்தவரை பதின்மூன்றாம் சானல் என்று ஒன்று உலகிலேயே இல்லை. குறியீட்டை இந்தியா என்று திருத்தியதும் சானல் திறந்தது. கடையின் வலை முழு வலிமையுடன் திரையில் தோன்றியது.

இங்கு இரு எச்சரிக்கைகள் அவசியம். சில கருவிகளில் நாட்டுக் குறியீடு தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கணினியில் திருத்தினாலும் பொறிக்கப்பட்டதற்கு மேல் அது இடம் தராது. மேலும், அதிக சக்தியை விரும்பி வேறொரு நாட்டின் குறியீட்டை இடுவது சட்டவிரோதமாகும். கணினி உண்மையில் எந்நாட்டில் இருக்கிறதோ அந்நாட்டுக் குறியீடே உரியது.

நோயின் மூலம்

இப்பொழுது யாவும் விளங்கிற்று. கடையின் ரூட்டர் தானே சானலைத் தேர்ந்துகொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. இரவில் கடையை அடைக்கும்போது மின்விசையை அணைத்துவிடுவதால், ஒவ்வொரு காலையும் அது புதிதாக விழித்து, சுற்றுப்புறத்தைக் கேட்டு, நெரிசல் குறைந்த சானலைத் தேடும். சில நாட்களில் ஆறோ பதினொன்றோ அதற்கு ஏற்றதாகத் தோன்றும். வேறு சில நாட்களில், எவரும் அதிகம் உபயோகிக்காத பதின்மூன்று தோன்றும். கைப்பேசி இந்திய விதிப்படி பதின்மூன்றையும் கேட்கவல்லது. பணம் பெறும் இயந்திரத்தின் வைஃபை பகுதியோ பதினொன்றுக்கு மேல் அறியாதது. ரூட்டர் பதின்மூன்றுக்குச் சென்ற நாட்களில் அவ்வியந்திரத்திற்கு வலை மறைந்துபோயிற்று. குறையைத் தேட வந்த கணினியும் அதே குறையை உடையதாயிருந்தமையால், ரூட்டரே இறந்துவிட்டது என்று சாட்சி சொல்லிற்று.

அடுத்த கடைக்காரரின் ரூட்டர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அது ஆறாம் சானலில் இடம்பிடித்ததால் நெரிசல் சற்று மிகுந்து, கடையின் ரூட்டர் பதின்மூன்றை நாடும் நாட்கள் அதிகப்பட்டிருக்கலாம், அவ்வளவே. பரிகாரமும் எளிது. கடையின் ரூட்டரில் தானியங்கித் தேர்வை நிறுத்தி, அச்சுற்றுப்புறத்தில் நெரிசல் குறைந்திருந்த பதினொன்றாம் சானலில் நிலையாக அமைத்தனர். புதிய ரூட்டர் வாங்கும் செலவும், முப்பது ஆண்டு நட்பில் ஒரு விரிசலும் தவிர்க்கப்பட்டன.

சட்டமும் கடமையும்

மானிட்டர் நிலை பிறருடைய சட்டகங்களையும் கேட்கவல்லது என்பதால், அதைக் கையாள்வோருக்குக் கடமையும் உண்டு. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், அனுமதியின்றிப் பிறர் கணினியையும் வலையையும் அணுகுவதைத் தண்டிக்கிறது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், செய்திகளைச் சட்டத்திற்குப் புறம்பாக இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. ஆகவே தமக்குச் சொந்தமான அல்லது உரியவரின் அனுமதி பெற்ற வலையை மட்டுமே ஆராய்தல் வேண்டும். தேவையான முகவரிக்குரிய சட்டகங்களை மட்டும் வடிகட்டிப் பதிந்து, வேலை முடிந்தவுடன் பதிவை அழித்துவிடுவது நல்ல பழக்கம். உதாரணத்தில் வரும் மாணவனுக்கும் அடுத்த கடையைப் பற்றித் தேவைப்பட்டது அதன் பீக்கன் கூறிய சானல் எண் ஒன்றே.

சோதனை வரிசை

கற்போர் நினைவில் வைக்கத்தக்க வரிசை பின்வருமாறு:

1. கருவி மானிட்டர் நிலையை ஏற்கிறதா என்று பட்டியலிற் காண்க. கருவியே தோன்றாவிடில் கெர்னல் பதிவேட்டைப் படிக்க.

2. அலைப்பூட்டு இருப்பின் நீக்குக.

3. பின்னணிப் பணிநிரல்களின் ஆட்சியிலிருந்து அந்த ஒரு கருவியை விலக்குக.

4. இடைமுகத்தை நிறுத்தி, நிலையை மாற்றி, எழுப்பி, சானலை அமைக்க. மாற்றம் நிலைத்ததா என்று மீண்டும் ஒருமுறை காண்க.

5. நாட்டுக் குறியீடு சரியா என்றும், மூடிய சானல்கள் எவை என்றும் பார்க்க.

6. அறிந்த ஒரு வலையை அருகில் எழுப்பி, ஒரு நிமிடப் பீக்கன்களை எண்ணுக.

7. இவையாவும் தேறிய பின்னரே, காற்றில் ஒன்றும் இல்லை என்னும் முடிவுக்கு வருக.

8. வேலை முடிந்ததும் கருவியை மேனேஜ்டு நிலைக்குத் திருப்பி, விலக்கிய ஆட்சியை மீண்டும் ஒப்படைக்க. இதை மறந்தோர் மறுநாள் கணினியில் வலை இல்லை என்று மற்றொரு கோளாற்றைத் தேடுவர்.

லேக் மார்க்கெட்டிற்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், கல்லூரித் தெருவில், ஜகதீச சந்திர போஸ் ஆராய்ந்த 5 மில்லிமீட்டர் அலை 60 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு ஒப்பானது. 2012ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட வைஃபை தரமொன்று அதே அதிர்வெண்ணைக் கையாள்கிறது. கண்ணாடிக் குழாயும் சுருள்வில்லும் இருந்த இடத்தில் இன்று விரல்நுனி அளவேயுள்ள சில் அமர்ந்துவிட்டது. எனினும், அலை இல்லை என்று சொல்வதற்கு முன் உணர்கருவியைத் தட்டிப் பார்க்க வேண்டிய கடமை அன்று இருந்தது போலவே இன்றும் இருக்கிறது.